முதுகு கடலுக்கு, வாய் பள்ளிக்கூடத்துக்கு

ஊரின் முக்கியமான ஆட்கள் பதினெட்டுப் பேரைக் கண்ணைக் கட்டிக் கடலுக்குள் இறக்கியவள் நான். கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. அவர்களைக் கடலிடமிருந்து காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன். (இந்த விளக்கத்தை அன்றைக்கு எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகத்தான் கேட்டது.)

அப்போது நான் கல்முனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கரையைத் துடைத்துவிட்டுப் போய் இரண்டு வருஷம் முழுதாக ஆகவில்லை. தென்னைகள் பல இன்னும் தலையில்லாமல் நின்றன. காற்று கொஞ்சம் பலத்தால் போதும், ஊரே கதையை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்கும்.

கடற்கரைத் தெருவில் ஹலீமா ராத்தா என்று ஒருவர் இருந்தார். இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். சூறாவளியன்று அவருடைய கணவர் பெண்சாதி பிள்ளைகளைப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கிழவரைக் கூட்டிவரத் திரும்பிப் போனார். கிழவர் வேறு யாருடனோ வந்து சேர்ந்துவிட்டார். இவர் வரவில்லை. விளக்கு ஒன்று கூட நிற்காத காற்று, கண்ணைத் திறக்க முடியாத மழை. மறுநாள் கடலோரத்தில் அவருடைய உடலைக் கண்டெடுத்தவர்கள் சொன்னார்கள், மனிதர் பள்ளிக்கூடத்துக்கு வரத்தான் நடந்திருக்கிறார், திசைதான் மாறிப்போய்விட்டது என்று. தினமும் நடந்த தெரு அது.

எங்கள் பௌதிக ஆசிரியர் இஸ்மாயில் சேர், ஊருக்கு உதவுகிற மாதிரி ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து வாருங்கள் என்று வகுப்பில் சொன்னபோது எனக்கு ஹலீமா ராத்தாவின் கணவர்தான் ஞாபகம் வந்தார். கண்ணுக்கு வேலையில்லாத நேரத்தில் கைக்கு வழி காட்ட வேண்டும். ஒரு வாரம் யோசித்தேன். விடை எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது. சிரட்டை!

விஷயம் எளியது. தேங்காயை உடைத்துத் துருவி எடுத்த ஓட்டில் ஒரு பாதிக்குக் கண் இருக்கும். அந்தக் கண்ணைத் துளைத்து, தும்புக்கயிற்றில் கோத்து, இரண்டு பாகத்துக்கு, அதாவது பன்னிரண்டு அடிக்கு, ஒரு சிரட்டையாக முடிச்சுப் போட்டு நிறுத்த வேண்டும். அந்தக் கயிற்றைக் கடற்கரையிலிருந்து பள்ளிக்கூடம் வரை இடுப்பளவு உயரத்தில் கட்டிவிட வேண்டும். இருட்டில் கயிற்றைத் தடவிக்கொண்டு போகிறவனுக்குச் சிரட்டையின் முதுகு முதலில் வந்தால் கை வழுக்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விடும். அது சரியான வழி. சிரட்டையின் வாய் முதலில் வந்தால் விரல் உள்ளே போய்த் தட்டும். தட்டினால் பிழையான வழி, உடனே திரும்ப வேண்டும். ஆகவே சிரட்டைகள் எல்லாவற்றுக்கும் முதுகு கடலுக்கு, வாய் பள்ளிக்கூடத்துக்கு.

இஸ்மாயில் சேர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புள்ள, இதுல கரண்ட் இல்ல, மெஷின் இல்ல, பழுதாகிறதுக்கு ஒண்டுமே இல்ல" என்றார். (ஒன்று இருந்தது. நான் இருந்தேன்.)

என் கூட்டாளி ஜெசிந்தா. மெதடிஸ்த கோயிலடியில் வீடு. எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள். அந்தப் பழக்கம் எனக்கு எரிச்சலாக இருந்தது. விஞ்ஞானிக்குத் தன்னம்பிக்கை வேண்டும் என்பது என் கட்சி. நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போய் நூற்றிருபது கண்ணுச் சிரட்டை சேர்த்தோம். முதலில் சூறையாடியது எங்கள் வீட்டைத்தான். வாப்பா பசாரில் தையல் கடை வைத்திருந்தார். அயன் பெட்டிக்குச் சிரட்டைக்கரிதான் போடுவார்.

"என்ன புள்ள இது? ஊட்டுல ஒரு சிரட்டை மிச்சமில்ல. நான் அயன் பெட்டிக்கு என்னத்தப் போட்டு எரிக்கிற?"

"வாப்பா, இது ஊர்ச் சனத்துட உசிரக் காப்பாத்துற வேல."

"கசங்கின களிசனோட சனம் உசிரோட இருந்து என்ன பிரயோசனம்?"

ஆனாலும் வாப்பாவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். பரீட்சித்துப் பார்க்கும்போது எல்லோருடைய கண்ணையும் கட்ட வேண்டும் என்று சொன்னதும், கோட்டுக்கு உள்துணியாக வைக்கிற தடித்த கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, ஓரம் அடித்து, பின்னால் நாடா வைத்து, பத்தொன்பது கண்கட்டு தைத்துத் தந்தார். கட்டிப் பார்த்தேன். சூரியனை நேரே பார்த்தாலும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. வாப்பாவின் தையலில் யாரும் குறை சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் குறையாகத் தைத்திருக்கலாம்.

சேர் எப்படியோ மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரி வரை போய்ப் பேசி, ஒரு பெரிய அதிகாரியை வரச் சம்மதிக்க வைத்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். பரீட்சை சரியாக வந்தால் மாரி தொடங்குமுன் கரையோரத் தெருக்கள் எல்லாவற்றுக்கும் இப்படிக் கயிறு கட்ட ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார். இதைக் கேட்ட நாளிலிருந்து என் நடையே மாறிவிட்டது. ஹலீமா ராத்தாவிடம் நானே போய், "நீங்களும் வாங்க ராத்தா. இந்தக் கயிறு அண்டைக்கு இருந்திருந்தா மச்சான் இண்டைக்கு இருந்திருப்பாரு" என்று சொன்னேன். அவர் மாவைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "வாறன் புள்ள" என்றார். பதினெட்டு வயதில் ஒரு விதவையிடம் அப்படிப் பேசியதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

பரீட்சை நாள் காலை. கம்புகளெல்லாம் நட்டாயிற்று. சிரட்டை கோத்த கயிறு ஒரே சுருளாகக் கிடந்தது. ஒரு நுனியில் வாப்பாவின் கடைச் சிவப்புத் துணித்துண்டு ஒன்றை நான் அடையாளத்துக்குக் கட்டியிருந்தேன்.

"சிவப்பு எந்தப் பக்கம் கா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல எடுத்த நேரம் ஒரு விநாடி கூட இருக்காது.

"பள்ளிக்கூடப் பக்கம்."

"ஆபத்து எண்டுதானே சிவப்புக் கட்டினாய்? அப்ப கடல் பக்கம் எல்லோ வரணும்?"

"சிவப்பு எண்டா நில்லு எண்டு அர்த்தம். ஆக்கள் வந்து நிக்கிற இடம் எது? பள்ளிக்கூடம். நான்தானே கட்டின, எனக்குத் தெரியாதா?"

(எங்கள் ஊரில் அப்போது சந்தி விளக்கு என்று ஒன்றே கிடையாது. பாடப்புத்தகத்தில் பார்த்த படத்தை வைத்துக்கொண்டு நான் சட்டம் பேசினேன். துணியைக் கட்டிய அன்றைக்கு ஆபத்து என்று நினைத்துத்தான் கட்டினேன் என்பது மறுநாள் படுக்கையில் கிடந்தபோதுதான் ஞாபகம் வந்தது.)

"ஒருக்கா கண்ண மூடிக்கிட்டு நடந்து பாப்பமா?" என்றாள் ஜெசிந்தா.

"சும்மா கைய வெச்சுத் தேய்ச்சா முடிச்சு இளகிரும். நேரமும் இல்ல."

அவள் கட்டத் தொடங்கினாள். நூற்றிருபது சிரட்டையும் முதுகைப் பள்ளிக்கூடத்துக்கும் வாயைக் கடலுக்கும் காட்டிக்கொண்டு வரிசையாக ஏறின. நான் பக்கத்தில் நின்று முடிச்சுகள் இறுக்கமா என்று மேற்பார்வை செய்தேன்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி இடுப்பில் வெள்ளைக் களிசன், மேலே வெள்ளைச் சேட்டு, காலில் பளபளக்கிற சப்பாத்து. அவருக்குப் பின்னால் இஸ்மாயில் சேர், பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மார், ஆசிரியர்கள், தெருவின் பெரியவர்கள் என்று அவரோடு சேர்த்து ஆண்கள் பதினெட்டுப் பேர். வரிசையின் கடைசியில் கொஞ்சம் தள்ளி ஹலீமா ராத்தா. எல்லோரையும் கயிற்றின் நடுப்பகுதியில் நிறுத்திக் கண்ணைக் கட்டினோம். திசை தெரியக்கூடாது என்பதற்காக ஒவ்வொருவரையும் மூன்று முறை சுற்றியும் விட்டோம். அதிகாரி சிரித்துக்கொண்டே சுற்றினார்.

பிறகு நான் பேசினேன். அந்தப் பேச்சை இரண்டு இரவு இருந்து மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

"எது நடந்தாலும் கயிற்றை விடாதீர்கள். கண்கட்டை அவிழ்க்காதீர்கள். சூறாவளி நேரத்தில் பயத்தில் ஆட்கள் என்னென்னவோ கத்துவார்கள். யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். உங்கள் கையை மட்டும் நம்புங்கள். கை வழுக்கினால் சரியான வழி. தட்டினால் திரும்புங்கள்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெசிந்தாவை அவர்களோடு விட்டுவிட்டு நான் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினேன். அங்கே பள்ளிக்கூடத் தலைமையான அதிபர் டீச்சர் நின்றார். மேசையில் பத்தொன்பது கிளாஸ் சர்பத். கைதட்டுவதற்கு ஒரு வகுப்புப் பிள்ளைகள். என் கையில் சேரின் மணிக்கூடு. முதலாவது ஆள் வந்து சேர எத்தனை நிமிஷம் என்று எழுதுவதற்குக் கொப்பி.

ஐந்து நிமிஷம் போனது.

"மெல்ல வருவாங்க டீச்சர்" என்றேன்.

பத்து நிமிஷம் போனது. கைதட்ட நின்ற பிள்ளைகள் ஒருவர் கையில் ஒருவர் தட்டி விளையாடத் தொடங்கினார்கள். சர்பத்தில் எறும்பு வந்தது. அதிபர் டீச்சர் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் கொப்பியில் ஏதோ எழுதுவது போலப் பாவனை செய்தேன். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். "11 நிமி. இல்லை. 12 நிமி. இல்லை. 13 நிமி. யா அல்லாஹ்" என்று இருக்கிறது.

கடற்கரைப் பக்கமிருந்து மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் ஒரு வியாபாரி வந்தார். வாசலில் காலை ஊன்றி நின்றார்.

"புள்ள, ஒரு ஜீப் ஐயாவும் மரைக்கார்மாரும் கண்ணைக் கட்டிக்கிட்டு வரிசையா கடலுக்க போறாங்க. நீங்களா அனுப்பின?"

அதுவரை நான் தெருவில் ஓடியதில்லை. வயது வந்த பெண் பிள்ளை ஓடக்கூடாது. அன்றைக்கு முக்காடு எங்கே, செருப்பு எங்கே என்று தெரியாமல் ஓடினேன். ஓடும்போதே பக்கத்தில் என் கயிறும் ஓடி வந்தது. ஒரு சிரட்டை, இன்னொரு சிரட்டை, இன்னொரு சிரட்டை. எல்லாம் கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நடந்ததை ஜெசிந்தா பிறகு சொன்னாள். பள்ளிக்கூடப் பக்கம் அடியெடுத்து வைத்தவர்கள் எல்லோருக்கும் சிரட்டை விரலில் தட்டியது. தட்டினால் திரும்ப வேண்டும். படித்தவர்கள், சொன்னதைக் கேட்கிறவர்கள், உடனே திரும்பினார்கள். கை அருமையாக வழுக்கியது. "சேர், அங்கால இல்ல! கடல்!" என்று ஜெசிந்தா கத்தினாள். "கத்துறத காதுல வாங்காதீங்க" என்றார் மூத்த மரைக்கார். இவள் இஸ்மாயில் சேரின் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். சேர் அவள் கையைத் தட்டிவிட்டு, "நல்லா நடிக்கிறாங்க" என்று முன்னால் போனவரிடம் பெருமையாகச் சொன்னாராம். தெருவில் நின்ற சனம் இதுதான் ஏற்பாடு என்று நினைத்து, கைதட்டிக்கொண்டு பின்னாலேயே போனது.

கடற்கரையில் நிற்கிறவனுக்கும் எட்ட வேண்டும் என்று கடைசிக் கம்பை அலையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளித்தான் நட்டிருந்தேன். கயிறு அங்கே முடிந்தது. முன்னால் நின்ற அதிகாரி கையை நீட்டித் துழாவினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். துழாவிய கைக்கு வலைக்கயிறு அகப்பட்டது. அதில் சிரட்டை இல்லை. அதுவும் கரைக்கு இழுபட்டுக்கொண்டிருந்த கயிறு. அவர் நடக்க நடக்க வெண்ணெய் மாதிரி வழுக்கியது. இதைவிடச் சரியான வழி வேறு இருக்க முடியுமா?

நான் போய்ச் சேர்ந்தபோது முன்னால் போனவர்களுக்கு முழங்கால் வரை தண்ணீர். வலை இழுத்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

"ஐயா! கடல் ஐயா, கடல்!" என்று அவர்களில் ஒருவர் கத்தினார்.

"சத்தம் போட்டு என்னைக் குழப்பாதையும்" என்றார் அதிகாரி. "ஆர் கத்தினாலும் கேக்க வேண்டாம் எண்டு அந்தப் பிள்ளை சொன்னது." பிறகு பின்னால் திரும்பி, "பாத்தீங்களே மாஸ்டர், வெள்ளமும் செய்து வைச்சிருக்கினம். கெட்டிக்காரப் பிள்ளையள்!" என்றார்.

அதற்கடுத்த அலை கொஞ்சம் பெரியது.

வலைக்காரர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். ஆட்களையெல்லாம் கரையேற்றினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வலை சரிந்து, காலையிலிருந்து இழுத்த மீனெல்லாம் போய்விட்டது. அவர்கள் வெறும் வலையைச் சுருட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கண்கட்டுகள் நனைந்து நாடா இறுகிவிட்டதால் யாராலும் அவிழ்க்க முடியவில்லை. கடையிலிருந்து வாப்பா கத்தரிக்கோலோடு வந்தார். மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேருக்கும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். கண் திறந்த அதிகாரி முதலில் கடலைப் பார்த்தார். பிறகு தன் களிசனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பரவாயில்லை தங்கச்சி" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் அங்கிருந்து நழுவி, கயிற்றின் ஓரமாகத் தெருவுக்குள் திரும்பினேன். நடுவில் ஹலீமா ராத்தா தனியாக நின்றார். கண்கட்டைத் தானே அவிழ்த்திருந்தார். ஒரு கை இன்னும் கயிற்றில் இருந்தது.

"நீங்க போகல்லயா ராத்தா?"

"கொஞ்சத் தூரம் போன நான். காத்து மூஞ்சியில அடிச்சிச்சு. இது கடலெல்லோ எண்டு நிண்டுட்டன்." சிரட்டை ஒன்றைக் கையால் மூடிப் பிடித்தார். "புள்ள, அவரும் இப்பிடித்தான் போயிருப்பாரு என்ன? சரியான வழி எண்டு நம்பிக்கிட்டே."

மனப்பாடம் பண்ணிய பேச்சில் அதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர் என் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுவிட்டு, "ஊட்ட போ. வெயில்" என்றார்.

கயிற்றைத் திருப்பிக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இஸ்மாயில் சேர் கச்சேரிக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. கயிறு என்ற சொல்லே இனிப் பள்ளிக்கூடத்தில் வரக்கூடாது என்று அதிபர் டீச்சர் சொல்லிவிட்டார். அந்த வருஷ விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தல் இருக்கவில்லை. என் கண்டுபிடிப்பு துண்டு துண்டாகத் தெருவெல்லாம் பிரிந்து, ஆடு கட்டவும் உடுப்புக் காயப்போடவும் உதவியது. அந்த மாரியில் பெரிய காற்று ஒன்றும் வரவில்லை என்பது என் புண்ணியமல்ல.

நான் நாலு நாள் படுக்கையை விட்டு எழும்பவில்லை. படிப்பு போதும், கடையில் பொத்தான் தைக்கிறேன் என்று வாப்பாவிடம் சொன்னேன்.

"கடையில இப்ப நிறைய வேல" என்றார் வாப்பா. "அந்த ஐயாட களிசனும் கழுவி அயன் பண்ண வந்திருக்கு. கரி இல்ல. உன்ட சிரட்டையில கொஞ்சம் தா." கொடுத்தேன். அது நன்றாக எரிந்தது. பொத்தான் தைக்க மட்டும் வாப்பா என்னை விடவில்லை. "ரெண்டு கண்ணு ஒரு பக்கம், ரெண்டு கண்ணு மறுபக்கம் வெச்சுத் தைச்சிருவாய்" என்றார். வேறு வழியில்லாமல் நான் படித்து ஆசிரியை ஆனேன்.

ஜெசிந்தாவோடு இன்றைக்கும் பழக்கம் இருக்கிறது. "நான் சொன்னேனே" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக அவள் அதைச் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

ஹலீமா ராத்தா தன் வீட்டில் தன் படுக்கையில், பிள்ளைகள் சுற்றியிருக்க மௌத்தானார். அதன் பிறகு ஒரு காலை நேரம், காற்று மழை எதுவும் இல்லாமல், கடல் தானாகவே எழும்பி ஊருக்குள் வந்தது. அந்தத் தெரு இப்போது இல்லை. கயிற்றைப் பிடித்தவர்களில் சிலரும் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

கரையோர வீதியில் அதன் பிறகு பலகைகள் நட்டார்கள். பின்னால் அலை, நடுவில் ஓடுகிற மனிதன், முன்னால் ஒரு அம்புக்குறி. முதல் பலகையைக் கண்ட அன்றைக்கே என் மகள் காரை நிறுத்தச் சொன்னாள்.

"உம்மா, இந்த அம்பு சரியான பக்கம் நிக்குதா? ஒருக்கா இறங்கிப் பாத்துட்டு வாங்க."

என் கணவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினேன். இறங்கியவள் கடல் எந்தப் பக்கம், அம்பு எந்தப் பக்கம் என்று உண்மையாகவே பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் கார் ஒவ்வொரு பலகைக்கும் நிற்கும். பேரப்பிள்ளைகளுக்கும் இப்போது கதை தெரியும். "உம்மம்மா, போங்க, போங்க" என்று கதவைத் திறந்து விடுவார்கள்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் பொத்துவில் போனோம். அக்கரைப்பற்று தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு பலகை, ஆணி துருப்பிடித்துக் காற்றில் சுழன்று, அம்பை நேரே கடலுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நான் தள்ளிப் பார்த்தேன், முடியவில்லை. கணவர் இறங்கி வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அதைத் திருப்பி, காரில் கிடந்த கம்பியால் இறுக்கிக் கட்டினோம். கட்டிவிட்டு நான் மூன்று முறை சரிபார்த்தேன். திருக்கோவில் வரும்வரை அவர் வீதியைப் பார்த்துக் காரை ஓட்டினார்.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. அதயும் நீதானே கட்டின?"